வாசகர் கேள்வி – பதில்: துருக்கிக் கலைஞர்களும் அரசின் கெடுபிடியும்

சென்ற இதழில் இஸ்தான்புல் பினாலே என்ற, இரண்டாண்டுக்கு ஒருமுறை நடக்கும் கலைக் கண்காட்சியைப் பற்றி வந்த கட்டுரைக்கு நிறையக் கடிதங்கள் வந்திருக்கின்றன. கேட்ட விதம் வேறு வேறானாலும் பெரும்பாலானவை ஒரே இடத்தைத்தான் சுற்றுகின்றன: அரசு இவ்வளவு முறைத்துக்கொண்டிருக்கும்போது அங்கே கண்காட்சி எப்படி நடக்கிறது? சில கடிதங்களுக்கு இங்கே பதில்.

கே: ஓவியம் வரைந்ததற்காக ஒரு பெண்ணைத் துருக்கியில் சிறையில் போட்டார்கள் என்று படித்தேன். ஓவியத்தைக் குற்றமாக்கச் சட்டம் இருக்கிறதா?
— கல்லூரி மாணவி, மதுரை

ப: தனிச் சட்டம் கிடையாது. துருக்கி அரசியலமைப்பின் 27ஆவது பிரிவு, கலையைப் பயிலவும் வெளிப்படுத்தவும் பரப்பவும் எல்லோருக்கும் உரிமை உண்டு என்றே சொல்கிறது. வழக்கு வேறு வாசல்கள் வழியாக வரும். பயங்கரவாதத் தடுப்புச் சட்டம் 3713இன் 7ஆவது பிரிவு, இரண்டாம் உட்பிரிவு: பயங்கரவாத அமைப்புக்குப் பிரசாரம், 1 முதல் 5 ஆண்டு. தண்டனைச் சட்டம் 299: குடியரசுத் தலைவரை அவமதித்தல், 1 முதல் 4 ஆண்டு. 301: துருக்கிய தேசத்தையும் அரசு நிறுவனங்களையும் இழிவுபடுத்துதல், 6 மாதம் முதல் 2 ஆண்டு, 2008க்குப் பிறகு இதற்கு நீதி அமைச்சரின் அனுமதி வேண்டும். 216இன் மூன்றாம் உட்பிரிவு: மத நம்பிக்கையை இழிவுபடுத்துதல், 6 மாதம் முதல் 1 ஆண்டு. இவற்றில் கலைஞர்களை மிக மோசமாகக் கடிப்பது முதலாவதுதான். ‘பிரசாரம்’ என்ற சொல்லை எவ்வளவு தூரம் வேண்டுமானாலும் இழுக்கலாம்.

நீங்கள் படித்தது ஸெஹ்ரா தோவானைப் பற்றி இருக்கும். குர்து இனத்தவர், ஓவியர், பத்திரிகையாளர். பெண்களே நடத்திய ‘ஜின்ஹா’ செய்தி நிறுவனத்தைத் தொடங்கியவர்களில் ஒருவர். 2016இல் சிரிய எல்லையோர ஊரான நுசைபின், ராணுவத்துக்கும் குர்துப் போராளிகளுக்கும் நடந்த சண்டையில் நொறுங்கிப்போனது. ராணுவத் தரப்பிலிருந்து வெளிவந்த ஒரு புகைப்படத்தைப் பார்த்து ஸெஹ்ரா வரைந்தார். இடிந்த கட்டடங்களின் மேல் துருக்கிக் கொடிகள் தொங்குகின்றன. கீழே நிற்கும் கவச வண்டிகள் தேளைப் போன்ற மிருகங்களாகியிருக்கின்றன. கொடியும் இடிபாடும் புகைப்படத்திலேயே இருந்தவை. அவர் சேர்த்தது மிருகங்களை மட்டும். இந்தப் படத்தையும் சில செய்திப் பதிவுகளையும் சமூக வலைதளத்தில் போட்டதற்காக 2017 மார்ச்சில் 2 ஆண்டு 9 மாதம் 22 நாள் தண்டனை. 2019 பிப்ரவரி 24 அன்று தார்சுஸ் சிறையிலிருந்து விடுதலையானார்.

சிறையில் அவருக்கு வண்ணம் கொடுக்கவில்லை. காபி, உணவுச் சாறு, மசாலா, தன் மாதவிடாய் ரத்தம் ஆகியவற்றால் வரைந்தார். உடன் இருந்த பெண்களின் உதிர்ந்த முடியையும் பறவை இறகையும் கட்டித் தூரிகை செய்தார். செய்தித்தாள், வந்த கடிதங்களின் பின்பக்கம், படுக்கை விரிப்பு, உள்ளாடைத் துணி எல்லாம் அவருக்குத் திரைச்சீலை. பலவும் அழுக்குத் துணியோடு துணியாகத்தான் வெளியே வந்தன. காவலர்கள் கைப்பற்றியவை போயே போயின. இந்தப் படைப்புகளைக் காட்சிக்கு வைப்பவர்களுக்கு இன்னொரு சிரமம் இருக்கிறது. காய்கறிச் சாயம் வெளிச்சத்தில் வெளுக்கும், செய்தித்தாள் பழுக்கும். அருங்காட்சியகங்கள் காகிதப் படைப்புகளுக்கு வைத்திருக்கும் 50 லக்ஸ் வெளிச்ச வரம்பைத் தாண்டவே கூடாது. சில மாதம் தொங்கவிட்டால் அடுத்து நீண்ட காலம் இருட்டில் வைக்க வேண்டும்.

கே: சிறைக்குப் போகாமல் தப்பியவர்களும் உண்டுதானே? அவர்கள் பழையபடி வேலை செய்ய முடிகிறதா?
— வாசகர், சேலம்

ப: தப்பினார்கள் என்று சொல்ல மனம் வரவில்லை. துருக்கி நீதிமன்றங்கள் பல ஆண்டுகளாகத் தாராளமாகப் பயன்படுத்திய ஒரு ஏற்பாடு உண்டு. தண்டனை 2 ஆண்டு அல்லது அதற்குக் குறைவு என்றால், தீர்ப்பை எழுதிவிட்டு அதை அறிவிப்பதை 5 ஆண்டு தள்ளிவைப்பார்கள். அந்த 5 ஆண்டுக்குள் வேண்டுமென்றே வேறு குற்றம் செய்யாவிட்டால் எல்லாம் ரத்து. செய்தால் பழையதும் சேர்ந்து வரும். ஓவியர் ஒருவர் நிலையில் யோசியுங்கள்: 5 ஆண்டில் இரண்டோ மூன்றோ கண்காட்சி வைப்பார். ஒவ்வொன்றிலும் எந்தப் படத்தை எடுத்துவிடலாம் என்று முதலில் அவரேதான் பார்ப்பார். இந்த ஏற்பாட்டை 2023இல் அரசியலமைப்பு நீதிமன்றம் ரத்து செய்தது. 2024 மார்ச்சில் நாடாளுமன்றம் சில மாற்றங்களோடு அதைத் திரும்பக் கொண்டுவந்துவிட்டது.

அபராதமும் சின்ன விஷயமில்லை. ‘பெங்குவென்’ நகைச்சுவை இதழின் இரு கார்ட்டூனிஸ்டுகளுக்கு 2015இல், ஒரு கார்ட்டூனில் வந்த கை அசைவு எர்டோகனை அவமதிக்கிறது என்று 11 மாதம் 20 நாள் சிறை விதித்து, பிறகு அதைத் தலைக்கு 7,000 லிரா அபராதமாக மாற்றினார்கள்.

கே: 2024இல் நடக்க வேண்டிய இஸ்தான்புல் பினாலே ஏன் தள்ளிப்போனது? கியூரேட்டர் தேர்வில் தகராறு என்று மட்டும் கேள்விப்பட்டேன்.
— ஓவிய ஆசிரியர், கும்பகோணம்

ப: பினாலேயை 1987இலிருந்து நடத்துவது ‘இஸ்தான்புல் கலை பண்பாட்டு அறக்கட்டளை’. 1973இல் தொழிலதிபர் நெஜாத் எஜ்ஜாஜிபாஷி தொடங்கியது. அரசு அமைப்பு அல்ல. படைப்புகளைத் தேர்ந்து கண்காட்சியை அமைக்கும் கியூரேட்டரைத் தேர்ந்தெடுக்க ஓர் ஆலோசனைக் குழு உண்டு. குழு பெயர் சொல்லும், அறக்கட்டளை நியமிக்கும். 18ஆவது பினாலேக்குக் குழு ஒருமனதாகச் சொன்ன பெயர் தெஃப்னே அயாஸ். 2023 ஆகஸ்டில் அறக்கட்டளை அறிவித்த பெயர் இவோனா பிளாஸ்விக், லண்டன் வைட்சேப்பல் காட்சிக்கூடத்தின் முன்னாள் இயக்குநர். அவர் அதே ஆலோசனைக் குழுவில் உறுப்பினராக இருந்தவர்! பிரச்சினையின் முடிச்சு இங்கேதான் விழுந்தது. பரிந்துரை செய்ய உட்கார்ந்தவரே பதவியை ஏற்றால் அந்தக் குழுவின் வார்த்தைக்கு அப்புறம் என்ன மதிப்பு? கலைஞர்கள் கூட்டாகக் கடிதம் எழுதினார்கள், சிலர் விலகினார்கள். 2024 ஜனவரியில் பிளாஸ்விக் பதவியை விட்டார். பினாலேயும் 2025க்குத் தள்ளிப்போனது.

அயாஸை ஏன் ஒதுக்கினார்கள்? பலரும் நினைவுகூர்ந்தது 2015 வெனிஸ் பினாலேயை. அறக்கட்டளை அப்படிச் சொல்லவில்லை. ஆனால் அங்கே நடந்ததைத் தெரிந்துகொண்டால்தான் இந்தச் சந்தேகத்தின் கனம் புரியும். அந்த ஆண்டு துருக்கி அரங்கின் கலைஞர் சார்கிஸ், இஸ்தான்புல்லில் பிறந்து பாரிஸில் வாழும் ஆர்மீனியர். கியூரேட்டர் அயாஸ். ஒட்டோமான் ஆட்சியில் ஆர்மீனியர்கள் பெருந்திரளாகக் கொல்லப்பட்ட 1915இன் நூறாவது ஆண்டு அது. கேட்லாகில் ராகெல் டிங்க் எழுதிய கட்டுரையில் ‘ஆர்மீனிய இனப்படுகொலை’ என்ற சொல் வந்திருந்தது. ராகெல், 2007 ஜனவரி 19 அன்று இஸ்தான்புல்லில் சுட்டுக் கொல்லப்பட்ட ஆர்மீனியப் பத்திரிகை ஆசிரியர் ஹ்ராண்ட் டிங்கின் மனைவி. வெனிஸில் துருக்கி அரங்கை இதே அறக்கட்டளைதான் ஒருங்கிணைக்கிறது, ஆனால் வெளியுறவு அமைச்சகத்தின் ஆதரவில். நடந்ததை இனப்படுகொலை என்று துருக்கி அரசு ஏற்பதில்லை; அந்தச் சொல் உறுத்தியது. கேட்லாக் விநியோகத்திலிருந்து போனது. சார்கிஸின் வானவில் நியான்களும் வண்ணக் கண்ணாடிப் படங்களும் அரங்கில் அப்படியே இருந்தன, யாரும் அவற்றைத் தொடவில்லை.

தள்ளிப்போன பினாலேக்கு பெய்ரூட்டைச் சேர்ந்த கிறிஸ்டின் தோமேயை நியமித்தார்கள். ‘மூன்று கால் பூனை’ என்று தலைப்பு வைத்து, 2025 முதல் 2027 வரை மூன்று கட்டமாகத் திட்டமிட்டார். முதல் கட்டம் 2025 செப்டம்பர் 20 முதல் நவம்பர் 23 வரை, நடந்தே போகக்கூடிய தொலைவிலுள்ள இடங்களில் 40க்கும் மேற்பட்ட கலைஞர்களோடு நடந்தது.

கே: அங்கே ஒரு கியூரேட்டர் கண்காட்சியைத் திறப்பதற்கு முன் நடைமுறையில் என்னென்ன பார்க்க வேண்டியிருக்கிறது? தத்துவம் வேண்டாம், வேலையைச் சொல்லுங்கள்.
— காட்சிக்கூட உதவியாளர், சென்னை

ப: கேள்வி பிடித்திருக்கிறது, கொஞ்சம் விரிவாகவே சொல்கிறோம்.

முதலில் ஒப்பந்தம். படைப்பை அகற்றும் அதிகாரம் யாருக்கு என்று எழுதாத ஒப்பந்தத்தில், அந்த அதிகாரம் கட்டடத்துக்குச் சொந்தக்காரருக்குப் போய்விடும். எழுத வேண்டியவை மூன்று. அகற்றுவதென்றால் காரணத்தையும் முடிவெடுத்தவர் பெயரையும் போட்டு எழுத்தில் தர வேண்டும். அகற்றிய இடத்தில் பெயர்ச்சீட்டு அப்படியே இருக்க வேண்டும். கலைஞருக்குப் பேசிய தொகையைக் குறைக்காமல் கொடுக்க வேண்டும். இரண்டாவதை நிறுவனங்கள் லேசில் ஒப்புக்கொள்ளாது. காலிச் சுவரும் பெயர்ச்சீட்டும் சேர்ந்து நிற்பதைப் பார்த்தவுடனே நடந்தது என்னவென்று யாருக்கும் புரிந்துவிடும். அதனால்தான் அதை விடாமல் கேட்க வேண்டும்.

அடுத்தது பணம். துருக்கியில் கலைக்கு நிதி தரும் சுயேச்சையான பொது வாரியம் இல்லை. தற்காலக் கலையைத் தாங்குவது வங்கிகளும் தொழிற்குடும்பங்களும்: கோச் குடும்பத்தின் அறக்கட்டளை நடத்தும் ஆர்ட்டெர், கரான்டி வங்கி தொடங்கிய சால்ட், அக்பாங்கின் அக்பாங்க் சனாத். இவர்களுக்கு அரசோடு வேறு ஆயிரம் கொடுக்கல் வாங்கல் உண்டு. 2016இல் அக்பாங்க் சனாத் தன்னுடைய சர்வதேச கியூரேட்டர் போட்டியில் வென்ற கத்யா க்ருப்பென்னிகோவாவின் ‘சமாதானத்துக்குப் பின்’ என்ற கண்காட்சியை, திறப்பதற்குச் சில நாட்களே இருக்கும்போது ரத்து செய்தது. நாட்டில் நிலைமை நுட்பமாக இருக்கிறது என்பது சொன்ன காரணம். அங்காராவில் அப்போதுதான் குண்டு வெடித்திருந்தது. எந்தப் போலீஸும் வரவில்லை, எந்த நீதிமன்றமும் உத்தரவிடவில்லை. ஒரே ஸ்பான்சரை நம்பி இருக்கும் கண்காட்சிக்கு இந்தக் கதி எப்போதும் காத்திருக்கிறது. பணத்தை இரண்டு மூன்று இடத்திலிருந்து வாங்குங்கள். அச்சுச் செலவையும் போக்குவரத்துச் செலவையும் ஒருவரே தரும்படி வைத்துக்கொள்ள வேண்டாம்.

கட்டடத்தின் உரிமங்கள். கலைக்குத் தொடர்பில்லாத தாள்தான் பல நேரம் கதவை மூடும். தீயணைப்புச் சான்று, கட்டடப் பயன்பாட்டு அனுமதி, வாடகை ஒப்பந்தத்தின் கடைசித் தேதி, எல்லாவற்றின் நகலும் ஒரே கோப்பில் கையருகே இருக்க வேண்டும்.

எழுத்தைப் படத்தைவிடக் கவனமாகப் பாருங்கள். அரசு வழக்கறிஞர் ஓவியத்தைப் படிக்கச் சிரமப்படுவார். ஒரு வாக்கியத்தை மேற்கோள் காட்ட அவருக்குச் சிரமமே இல்லை. வெனிஸில் மாட்டியது ஒரு சொல். சுவர் உரை, பத்திரிகைக் குறிப்பு, கேட்லாக் மூன்றையும் வழக்கறிஞர் ஒருவர் அச்சுக்குப் போகும் முன் படிக்க வேண்டும். எதை வெட்டலாம் என்று கேட்க அவரைக் கூப்பிட வேண்டாம். எந்த வரிக்கு எந்தப் பிரிவில் வழக்கு வரும், வந்தால் என்ன பதில் என்பதை எழுதி வாங்குவதற்குக் கூப்பிடுங்கள். வெட்டுவதா வேண்டாமா என்பது எழுதியவரின் முடிவு.

தொலைபேசி அழைப்பு. நெருக்கடி பெரும்பாலும் வாய்மொழியாகத்தான் வரும்: “அந்த ஒன்றை மட்டும் எடுத்துவிட்டால் எல்லாருக்கும் நல்லது.” அழைப்பு வந்த அன்றே தேதி, நேரம், பேசியவர் பதவி, சொன்ன சொற்கள் ஆகியவற்றைக் குறித்து மின்னஞ்சலில் திருப்பி அனுப்புங்கள்: ‘நீங்கள் சொன்னதை இப்படிப் புரிந்துகொண்டோம், எழுத்தில் தரவும்.’ பலர் இதற்குப் பிறகு பேச மாட்டார்கள். துருக்கியில் கலைத் தணிக்கையைப் பதிவு செய்ய 2011இல் தொடங்கிய ‘சியா பாண்ட்’, அதாவது ‘கறுப்பு நாடா’, இப்படிப்பட்ட குறிப்புகளையே சேர்த்து வந்தது. 2016இல் தொடங்கிய ‘சுஸ்மா’ மேடையும் இந்த வேலையைச் செய்கிறது. சுஸ்மா என்றால் ‘வாயை மூடாதே’.

கடைசியாக, எழுத்திலேயே தடை வந்துவிட்டால். கைமகாம் எனப்படும் வட்டார ஆட்சியர், பொது ஒழுங்கைக் காரணம் காட்டித் தடை செய்யலாம். 2024 ஜூலையில் இஸ்தான்புல்லின் டோஃபானே பகுதியிலுள்ள டெப்போ காட்சிக்கூடத்தில், துருக்கித் திருநர் இயக்கத்தின் வரலாறு பற்றிய கண்காட்சியை பெயோலு வட்டார ஆட்சியர் அலுவலகம் இப்படித்தான் நிறுத்தியது. நிர்வாக நீதிமன்றத்துக்குப் போக 60 நாள் அவகாசம் உண்டு. அதை நம்பிக் காத்திருந்தால் கண்காட்சிக் காலமே முடிந்துபோகும். உத்தரவு கைக்கு வந்த மறுநாளே, இடைக்காலத் தடை கோரும் மனுவையும் சேர்த்துத் தாக்கல் செய்ய வேண்டும். அங்கேயும் மேல்முறையீட்டிலும் தோற்றால் அரசியலமைப்பு நீதிமன்றத்தில் தனிநபர் மனு, 30 நாளுக்குள். அதன்பின் ஸ்ட்ராஸ்பூர்க்கிலுள்ள ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம். முன்பு 6 மாத அவகாசம் இருந்தது, 2022 பிப்ரவரியிலிருந்து 4 மாதம். கண்காட்சியைக் காப்பாற்ற இது எதுவும் உதவாது. அடுத்தவர் வழக்குக்கு முன்னுதாரணமாக உதவும்.

கே: தடுப்பது அரசு மட்டும்தானா?
— வாசகர், கோயம்புத்தூர்

ப: இல்லை. 2010 செப்டம்பர் 21 அன்று டோஃபானேயில் ஒரே மாலையில் பல காட்சிக்கூடங்கள் திறப்பு விழா வைத்திருந்தன. ஒரு கும்பல் தடியோடு வந்து அடித்தது. 2016 நவம்பரில் ‘கன்டெம்பரரி இஸ்தான்புல்’ கலைச் சந்தையில், அலி எல்மாஜியின் சிற்பத்திலிருந்த பெண்ணின் நீச்சலுடையில் சுல்தான் இரண்டாம் அப்துல்ஹமீதின் உருவம் இருக்கிறது என்று ஒரு குழு உள்ளே புகுந்தது; சிற்பம் அகற்றப்பட்டது. 2023 ஜூனில் இஸ்தான்புல் மாநகராட்சி புதுப்பித்துத் திறந்த ஃபெஸ்ஹானே என்ற கலைக்கூடத்தின் முதல் கண்காட்சிக்கும் அதே வகை எதிர்ப்பு.

துருக்கியில் இதற்கு ஒரு சொல் வைத்திருக்கிறார்கள்: ‘ஹெதெஃப் கோஸ்தெர்மே’, இலக்கைச் சுட்டிக்காட்டுவது. ஒரு பத்திரிகையோ அரசியல்வாதியோ பெயரைச் சொல்வார், மீதியைக் கூட்டம் பார்த்துக்கொள்ளும். 2016இல் சனக்கலே பினாலேயின் கலை இயக்குநர் பெரால் மத்ராவை, சமூக வலைதளப் பதிவுகளுக்காக ஆளுங்கட்சி நாடாளுமன்ற உறுப்பினர் ஒருவர் சுட்டினார். இஸ்தான்புல்லின் முதல் இரண்டு பினாலேக்களை நடத்தியவர் மத்ரா. அவர் விலகினார், பினாலேயும் ரத்து. இதில் எந்த அதிகாரியும் ஒரு தாளில்கூடக் கையெழுத்துப் போடவில்லை என்பதைக் கவனியுங்கள்.

கே: 2013 கேஸி போராட்டத்தின்போது பினாலே தெருக்களை விட்டு விலகியது கோழைத்தனம் இல்லையா?
— ஆய்வு மாணவர், புதுச்சேரி

ப: எங்களுக்கு அப்படித் தோன்றவில்லை. 13ஆவது பினாலேயின் கியூரேட்டர் ஃபுல்யா எர்தெம்ஜி, பொதுவெளியையே கருப்பொருளாக எடுத்திருந்தார். இஸ்தான்புல்லின் கேஸி பூங்கா, தக்சிம், சுலுகுலே, தர்லாபாஷி எல்லாம் அவர் பட்டியலில் இருந்தன. பூங்காவை அழிப்பதை எதிர்த்துத் தொடங்கி அரசுக்கு எதிராகப் பரவிய கேஸி போராட்டம் மே 28இல் தொடங்கியது. பூங்காவில் சிற்பம் வைக்க வேண்டுமானால், மக்கள் மேல் கண்ணீர்ப்புகை வீசியவர்களிடமே போய் அனுமதி கேட்க வேண்டும். அந்த அனுமதி கைக்கு வந்த நிமிஷமே, “பாருங்கள், பொதுவெளி எவ்வளவு சுதந்திரமாக இருக்கிறது” என்று காட்டுவதற்கு அது அவர்களுக்கு உதவும். எர்தெம்ஜி மனு கொடுக்காமல் கட்டடங்களுக்குள் போனார். நுழைவுக் கட்டணத்தை எடுத்துவிட்டார். இந்தக் கணக்கு சரியென்றே நினைக்கிறோம்.

குறை வேறு இடத்தில் இருந்தது. கேஸிக்கு முன்பே போராட்டக்காரர்கள் பினாலேயின் கூட்டங்களில் குறுக்கிட்டார்கள். நகரத்தை மாற்றிக் கட்டும் பெருமுதலாளிகளின் பணத்தில் நகர உரிமை பேசுவதா என்பது அவர்கள் கேள்வி. அதற்கு பினாலேயிடமிருந்து நேரான பதில் வரவில்லை. பதிலுக்கு மிக அருகில் வந்த படைப்பு என்று ஹலில் அல்தின்தெரேயின் ‘வொண்டர்லேண்ட்’ காணொளியைச் சொல்வோம். இடித்துத் தள்ளப்பட்ட ரோமா (ஜிப்சி) மக்களின் குடியிருப்பான சுலுகுலேயின் இளைஞர்கள் தங்கள் தெருவிலேயே நின்று ராப் பாடுகிறார்கள். காணொளி என்பதால் கட்டடத்துக்குள் போனதில் அதற்கு நஷ்டமில்லை.

கே: ஒஸ்மான் கவாலா வியாபாரிதானே? கலைஞர்கள் ஏன் அவர் பெயரைச் சொல்லிக்கொண்டே இருக்கிறார்கள்?
— வாசகி, யாழ்ப்பாணம்

ப: 2002இல் ‘அனடோலு குல்தூர்’ என்ற அமைப்பைத் தொடங்கியவர் அவர். தியார்பக்கிரில் கலை மையம், ஆர்மீனியக் கலைஞர்களோடு பரிமாற்றம், குடும்பத்தின் பழைய புகையிலைக் கிடங்கில் டெப்போ என்று, வங்கிகள் தொடத் தயங்கும் விஷயங்களுக்கு இடம் கொடுத்தவர். 2017 அக்டோபர் 18 அன்று விமான நிலையத்தில் பிடித்தார்கள். கேஸி போராட்டத்தை நடத்தி அரசைக் கவிழ்க்கப் பார்த்தார் என்பது குற்றச்சாட்டு. 2019 டிசம்பரில் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம், அவரை மௌனமாக்குவதற்காகவே அடைத்திருக்கிறார்கள் என்று சொல்லி விடுவிக்கக் கேட்டது. 2020 பிப்ரவரி 18 அன்று விடுதலைத் தீர்ப்பு வந்தது, அன்றிரவே மறுபடி கைது. 2022 ஏப்ரல் 25 அன்று பரோல் இல்லாத ஆயுள் தண்டனை.

அதே வழக்கில் திரைப்படத் தயாரிப்பாளர் சீதெம் மாட்டெருக்கு 18 ஆண்டு. கேஸி பற்றி ஓர் ஆவணப்படம் எடுக்க நினைத்தார் என்பது அவர் மீதான குற்றச்சாட்டில் வருகிறது. அந்தப் படத்தை அவர் எடுக்கவே இல்லை. 2023 செப்டம்பரில் மேல்முறையீட்டு நீதிமன்றம் இருவர் தண்டனையையும் உறுதி செய்தது.

கே: சினிமாவுக்கும் இதே நிலைதானா?
— வாசகர், திருநெல்வேலி

ப: சினிமாவில் பிடி இன்னும் எளிது, ஏனென்றால் அங்கே ஒரு சான்றிதழ் இருக்கிறது. 2015 ஏப்ரலில் இஸ்தான்புல் திரைப்பட விழாவில் குர்து ஆயுதக் குழுவின் முகாம்களைப் பற்றிய ‘பாக்கூர்’ ஆவணப்படம் திரையிட இருந்தது. உள்நாட்டுப் படத்துக்குப் பதிவுச் சான்றிதழ் வேண்டும் என்று அமைச்சகம் கடிதம் அனுப்பியது, படம் நின்றது. இருபதுக்கும் மேற்பட்ட இயக்குநர்கள் தங்கள் படங்களைத் திரும்பப் பெற்றார்கள், போட்டிப் பிரிவுகள் ரத்தாயின. ‘பாக்கூர்’ இயக்குநர்கள் இருவருக்கும் 2019இல் 4 ஆண்டு 6 மாதம் விதித்தார்கள். 2023இல், அரசின் ஆணை மூலம் வேலையிழந்தவர்களைப் பற்றிய ஓர் ஆவணப்படத்தைச் சேர்ப்பதா நீக்குவதா என்ற இழுபறியில் அந்தாலியா விழாவே நடக்கவில்லை. 2024 நவம்பரில் கடிக்கோய் வட்டார ஆட்சியர் அலுவலகம் ‘குயர்’ என்ற ஒரு படத்துக்குத் தடை போட்டபோது, இணையத்தில் படங்களை வழங்கும் முபி நிறுவனம் தன் திரைப்பட விழா முழுவதையும் ரத்து செய்தது. ஒரு படத்தை மட்டும் கழற்றிவிட்டு மற்றதை நடத்துவது அடுத்த தடைக்கும் வழி காட்டிக் கொடுப்பதாகும். முபி செய்ததே சரி.

கே: துருக்கித் தற்காலக் கலையைப் பார்க்கத் தொடங்குபவருக்கு எந்தப் படைப்புகளைச் சொல்வீர்கள்?
— ஓவியக் கல்லூரி மாணவர், சென்னை

ப: மூன்று பெண்களிடமிருந்து தொடங்குங்கள்.

குல்சுன் கரமுஸ்தஃபா 1946இல் அங்காராவில் பிறந்தவர். 1971 ராணுவத் தலையீட்டுக்குப் பிறகு கணவரோடு சேர்த்துக் கைதானார். 16 ஆண்டு பாஸ்போர்ட் கிடையாது. சிறையிலிருந்து வெளியே வந்தபின் 1972 முதல் 1978 வரை ‘சிறை ஓவியங்கள்’ வரிசையை நினைவிலிருந்து வரைந்தார்: பெண்கள் கூடத்தின் அடுக்குக் கட்டில்கள், போர்வைகள், ஒட்டி உறங்கும் உடல்கள். பல ஆண்டுகள் அவற்றை வெளியே காட்டவில்லை. 2024இல் வெனிஸில் துருக்கி அரங்கு அவருடையதாக இருந்தது.

ஹாலே டெங்கரின் ‘இப்படிப்பட்டவர்களை எனக்குத் தெரியும் – 2’. 1992இல் மூன்றாவது பினாலேக்குச் செய்தது. சுற்றுலா ஊர்களின் நினைவுப்பொருள் கடைகளில் இரண்டு பித்தளைப் பொம்மைகள் கிடைக்கும்: விறைத்த குறியோடு நிற்கும் பிரியாபஸ் தெய்வம், கண்ணும் காதும் வாயும் பொத்திய மூன்று குரங்குகள். டெங்கர் இவற்றை வாங்கி வரிசை வரிசையாக அடுக்கினார். கிட்டே நின்றால் பொம்மைகள் தெரியும். தள்ளிப் போனால் பிறையும் நட்சத்திரமும் எழும். தேசியச் சின்னத்தை அவமதித்தார் என்று வழக்கு, கடைசியில் விடுதலை. யாருக்கும் வாங்கக் கிடைத்த பொம்மைகள்தான் எல்லாம். அடுக்கிய விதம்தான் வழக்கானது.

பானு ஜென்னெத்தோலுவின் ‘குர்பெத்தின் நாட்குறிப்பு’, 2017இல் ஏதென்ஸில் டாக்குமென்டா கண்காட்சிக்காக வைத்தது. குர்பெத்தெல்லி எர்சோஸ் வேதியியல் படித்தவர், ‘ஒஸ்கூர் குந்தெம்’ நாளிதழின் ஆசிரியர். சிறைக்குப் பிறகு குர்துப் போராளிகளோடு சேர்ந்து 1997இல் இறந்தார். அவர் நாட்குறிப்பு நூலுக்குத் துருக்கியில் தடை. ஜென்னெத்தோலு அதை 145 சுண்ணாம்புக் கற்பலகைகளில், லித்தோ அச்சு முறைப்படி கண்ணாடிப் பிம்பமாக ஏற்றினார். இந்த முறை எண்ணெயும் தண்ணீரும் ஒட்டாது என்பதில் நிற்கிறது. எழுத்துள்ள இடம் பிசுக்குள்ள மையை வாங்கும், நனைந்த வெறும் கல் மையைத் தள்ளும். பலகையை நனைத்து, மை உருட்டி, தாளை வைத்து அழுத்தினால் வரிகள் நேராக விழும். கண்காட்சியில் கற்கள் அச்சடிக்காமல் அலமாரியில் அடுக்கி நின்றன. புத்தகத்தைத் தடுக்கலாம், கல் அச்சுக்குத் தயாராக இருக்கிறது.

கே: கார்ஸ் நகரத்தில் இடித்த சிலைக்கு நீதி கிடைத்ததா?
— வாசகர், ஈரோடு

ப: தாளில் கிடைத்தது. துருக்கி–ஆர்மீனிய நல்லுறவுக்காக மெஹ்மெத் அக்சொய் செய்த ‘மனித நேய நினைவுச்சின்னம்’ அது. இரண்டாகப் பிளந்து எதிரெதிரே நிற்கும் மனித உருவம், முப்பது மீட்டர் அளவில். 2011 ஜனவரியில் எர்டோகன் அதை ‘உஜூபே’, அதாவது விகாரம், என்றார். ஏப்ரல் 26இல் கிரேன் வைத்துத் துண்டு துண்டாக இறக்கத் தொடங்கினார்கள். அந்தச் சொல்லுக்காக 2015இல் ஒரு நீதிமன்றம் 10,000 லிரா இழப்பீடு விதித்தது. பின்னர் அரசியலமைப்பு நீதிமன்றமும் இடித்ததில் கருத்துரிமை மீறப்பட்டது என்றது. சிலை இல்லை.

கே: இஸ்தான்புல் போகிறேன், கலைக்கு ஒரு நாள்தான் ஒதுக்க முடியும்.
— வாசகி, கோலாலம்பூர்

ப: திங்கள்கிழமை வேண்டாம், பெரும்பாலும் மூடியிருக்கும். டி1 டிராமில் காராகோயில் இறங்கி, வங்கித் தெருவிலுள்ள சால்ட் கலாட்டாவில் தொடங்குங்கள். பழைய ஒட்டோமான் வங்கித் தலைமையகம் அது. நுழைவு இலவசம், நூலகத்தில் உட்கார்ந்து பழைய கேட்லாக்குகளைப் புரட்டலாம். அங்கிருந்து நடந்து இஸ்தான்புல் மாடர்ன், 2023இல் திறந்த ரென்சோ பியானோ கட்டடம். அடுத்த டிராம் நிறுத்தம் டோஃபானே, அங்கே டெப்போ. தெம்பு இருந்தால் மாலையில் தோலாப்தெரேயிலுள்ள ஆர்ட்டெர்.

கூடத்தில் படைப்புப் பட்டியலைக் கையில் வாங்கிக்கொண்டு சுற்றுங்கள். எண்களில் ஏதாவது விட்டுப்போயிருந்தால் அங்கே இருப்பவரிடம் மெதுவாகக் கேளுங்கள், பதில் வரலாம், வராமலும் போகலாம். கடைசிப் பக்கத்தில் சின்ன எழுத்தில் போட்டிருக்கும் ஸ்பான்சர் பட்டியலையும் படியுங்கள். படம் எடுத்தால் படைப்பை முழுதாக எடுங்கள். ஒரு மூலையை மட்டும் வெட்டி வலைதளத்தில் போட வேண்டாம். அங்கே வேலை செய்பவர்களின் முகம் தெரியும் படங்களும் வேண்டாம்.